சாமி கிரீடத்துக்கு மேலே விட்ட இடம்

யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் சுவரில் காலண்டரைத் தேடும். தேதி பார்ப்பதற்காக அல்ல. காலண்டரின் தலைப்பக்கம் ஒரு தகரப் பட்டை அடித்திருப்பார்களே, அந்தப் பட்டைக்கும் சாமி கிரீடத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். விரலை வைத்துக்கூட அளந்திருக்கிறேன். என் மனைவிக்கு இதில் தாங்க முடியாத எரிச்சல். "போன இடத்துல எல்லாம் சுவத்தைத் தடவாதீக, பார்க்கிறவுக என்ன நினைப்பாக" என்பாள். இடம் சரியாக இருந்தால் ஒரு பெண்ணின் ஞாபகம் வரும். இடம் சரியில்லை என்றாலும் அவள் ஞாபகம்தான் வரும். இரண்டிலும் எனக்கு வயிறு எரியும்.

அவள் மேல் எனக்கு இருந்தது பொறாமை. காதலோ கோபமோ என்று யாராவது கேட்டால் அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தப் பெயரையும் நான் கெடுத்துவிட்டதாக இருக்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில், ஆளுக்கு ஆள் மிஸ்டு கால் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த காலம். சிவகாசியில் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் கம்ப்யூட்டர் ரூமுக்கு நான்தான் பொறுப்பு. முதலாளி எனக்கு ஒரு வகையில் மாமா முறை. ஆனால் ஆபீசில் எல்லாரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் மட்டும் என்னை மாப்ள என்பார். எங்களுக்குக் காலண்டர்தான் பெரிய வேலை. அது போக, சாத்தூரில் ஒரு சின்ன யூனிட்டில் தீப்பெட்டி லேபிள் அடித்தோம்.

சாமி படம் ஒவ்வொன்றும் அப்போதைய கம்ப்யூட்டருக்கு யானைப் பாரம். ஒரு மிஷினில் போட்டால் ஒரு படம் முடிய அரை நாள் ஆகும். மதுரையில் ஒருவர் எழுதிக் கொடுத்த புரோகிராம் ஒன்று இருந்தது. அது ஒரு படத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, பதினோரு மிஷினுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். சிவகாசியில் எட்டு, சாத்தூரில் மூன்று. எல்லாம் அதனதன் பங்கைச் செய்து அனுப்பும், பெரிய மிஷின் அதைத் திரும்பச் சேர்த்து ஒட்டும். சாத்தூர் மூன்றும் டெலிபோன் லைன் வழியாகச் சேர்ந்துகொள்ளும். இந்தப் பதினொன்றையும் கூட்டுச் சேர்த்து முதன்முதலில் ஓட வைத்தது நான். இதில் பொய் இல்லை, எனக்கு இருந்த ஒரே பெருமையும் அதுதான்.

ஆனால் அதில் ஒரு தலைவலி. கலர் எவ்வளவு அழுத்தம், ஓரம் எவ்வளவு, மேலே தகரத்துக்கு எவ்வளவு இடம் என்று ஏகப்பட்ட அளவுகள். அவை ஒவ்வொரு மிஷினிலும் ஒரு ஃபைலில் இருக்கும். பதினோரு மிஷின், பதினோரு ஃபைல். நான் ஒன்றில் மாற்றினால் மற்ற பத்திலும் போய் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் போச்சு. ஒருமுறை மாரியம்மன் முகம் மூக்கு வரைக்கும் மஞ்சள் பூசினது போல் வந்து, மூக்குக்குக் கீழே வெளுத்துப் போயிருந்தது. ஆறாவது மிஷினை மறந்திருந்தேன். "மாப்ள, சீக்கிரம் வா" என்று அண்ணாச்சி கூப்பிடுவார். நான் ஓடுவேன். மூன்று வருஷம் இப்படி ஓடினேன். நான் இல்லாவிட்டால் இந்த ரூமே இல்லை என்று அண்ணாச்சி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். நான் ஒன்றும் தெரியாதது போல நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஊர். அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. டிப்ளமோ முடித்திருந்தாள். பட்டாசு ஆட்களை ஏற்றி வருகிற பஸ்ஸிலேயே வந்து, பாதி வழியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வருவாள். இங்கிலீஷ் வராது. நான் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பேசினால் முழுசாகக் கேட்டுவிட்டு, "அதை நம்ம பேச்சுல சொல்லுங்கண்ணே" என்பாள். கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வந்து ஒரு வாரம் அவள் எதையும் தொடவில்லை. பதினோரு ஃபைலையும் திறந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டே இருந்தாள். எட்டாம் நாள் என்னிடம் வந்து, "அண்ணே, மூணாவது மிஷின்ல மட்டும் நீலம் கூட வச்சிருக்கீகளே, எதுக்கு?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. எப்போதோ வைத்தது. "ஒரு காரணமாத்தான் இருக்கும்" என்றேன்.

"என்ன காரணம்னு சொன்னா எழுதிக்கிடுவேன்."

அன்று ஆரம்பித்தது அவளுடைய 'காரணம்'. அவளை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் அந்த வார்த்தைதான்.

பிறகு அவள் அண்ணாச்சியிடம் போய் ஒரு யோசனை சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். இதே விஷயத்தை நான் ஒரு வருஷம் முன்பு டீஃபால்ட் கான்ஃபிகரேஷன், ஓவர்ரைடு என்றெல்லாம் அவரிடம் விளக்கி, அவர் கொட்டாவி விட்டதை நான் மறக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்கம்மா வேலை பார்க்கிற கம்பெனில வாசல்ல ஒரு பெரிய போர்டு இருக்கும். உள்ள வாற எல்லாருக்கும் அதான் சட்டம். அது போக ஒவ்வொரு ரூம் வாசல்லயும் ஒரு சின்ன போர்டு. இந்த ரூம்ல இத்தனை பேர்தான் இருக்கணும், இம்புட்டு மருந்துதான் வைக்கணும்னு அந்த ரூமுக்கு மட்டும் உள்ளதை எழுதியிருப்பாக. ரூம் போர்டுல எழுதினது அந்த ரூமுக்கு. எழுதாததுக்கெல்லாம் வாசல் போர்டு. வாசல் போர்டை யாரும் போய் அழிச்சு எழுத மாட்டாக. நம்ம மிஷினுக்கும் அப்படி வச்சுக்கிடுவோம். பெரிய மிஷின்ல ஒரு வாசல் போர்டு. காலையில எல்லா மிஷினும் அதைப் பார்த்து நகல் எடுத்துக்கிடும். எந்த மிஷினுக்காவது வேற மாதிரி வேணும்னா அது ரூம் போர்டுல அந்த ஒரு வரி மட்டும். வரிக்கு மேல காரணம். காரணம் போயிருச்சுன்னா வரியையும் எடுத்துரணும்."

அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனியும் பார்த்தவர். நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதைத்தான மாப்ள நீ அன்னைக்கு என்னமோ சொன்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

"இந்தப் புள்ள சொன்னா புரியுது" என்றார்.

ஒரே வாரம். பதினோரு ஃபைலும் போய் ஒரு வாசல் போர்டும், நாலைந்து ரூம் போர்டுகளில் ஒன்றிரண்டு வரிகளும் மிஞ்சின. மூன்றாவது மிஷினின் நீலத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை, எடுத்துவிட்டாள். படம் ஒன்றும் கெடவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சாமிக்கும் மூக்குக்குக் கீழே நிறம் மாறவில்லை. அண்ணாச்சி என்னைக் கூப்பிடுவதும் நின்றுபோனது. மத்தியானம் நான் சும்மா உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை குறைந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியவன், என் சோற்றை யாரோ எடுத்துச் சாப்பிடுவது போல அவளைப் பார்த்தேன்.

அவள் செய்கிற எல்லாமே அப்படித்தான் இருக்கும். எங்களுக்கு டீ கொண்டுவருகிறவர் தினமும் ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டு நிற்பார். இவள் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். எல்லாருக்கும் சாதா டீ. புரூஃப் பார்க்கிற பெரியவருக்கு மட்டும் சீனி இல்லை, காரணம் சுகர். பைண்டிங் அக்காவுக்குப் பால் இல்லாமல், காரணம் வயிற்றுவலி. நான்கு நாள் கழித்து அக்காவிடம் போய் "வயித்துவலி போயிருச்சாக்கா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் அந்த வரியை அடித்தாள். அந்த அக்காவுக்குப் புருஷன்கூட அப்படிக் கேட்டதில்லையாம். ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. கம்ப்யூட்டர் ரூம் வாசலில் 'செருப்பு அணிந்து உள்ளே வரக் கூடாது' என்று ஒரு அறிவிப்பு இருந்தது. அண்ணாச்சி எழுதி ஒட்டியது. நாங்கள் எல்லாரும் அந்தச் சில்லென்ற தரையில் வெறுங்காலோடு நடந்தோம். எனக்கு வருஷம் முழுக்கச் சளி. இவள் ஒருநாள் அண்ணாச்சியிடமே, "இது எதுக்குப் போட்டிருக்கீக?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணாச்சி யோசித்தார். "முத கம்ப்யூட்டர் வாங்கினப்ப கார்ப்பெட் போட்டிருந்தோம்லா, அதுக்கு" என்றார். கார்ப்பெட்டை எலி கடித்து, தூக்கிப் போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவரே தாளைக் கிழித்தார். மறுநாள் எல்லாரும் செருப்போடு நடந்தோம். நான் மட்டும் இரண்டு வாரம் வெறுங்காலோடு நடந்தேன். அவள் வாங்கிக் கொடுத்த செருப்புச் சுதந்திரம் எனக்கு வேண்டாம் என்று ஒரு வீம்பு. சளிதான் அதிகமானது.

அடுத்த சித்திரையில் அண்ணாச்சி என்னைச் சாத்தூருக்குப் போகச் சொன்னார். "லேபிள் யூனிட்டைப் பார்த்துக்கிட நம்ம ஆள் ஒருத்தர் வேணும் மாப்ள. இங்கன அந்தப் புள்ள இருக்குல்ல" என்றார். 'நம்ம ஆள்' என்ற வார்த்தையில் நான் குளிர்ந்திருக்க வேண்டும். 'அந்தப் புள்ள இருக்குல்ல' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. தினமும் சாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

ஆடி பிறந்ததும் சாத்தூர் லேபிளையும் இந்தப் புரோகிராமிலேயே எடுக்க ஆரம்பித்தோம், அதில் ஒரு சின்னச் சிக்கல். வாசல் போர்டில் படத்துக்கு மேலே தகரப் பட்டைக்கென்று இடம் விடச் சொல்லி ஒரு வரி உண்டு. காலண்டருக்கு அது வேண்டும். தீப்பெட்டி லேபிளுக்கு ஏது தகரம்? லேபிள் ஒவ்வொன்றும் தலைக்கு மேலே வெள்ளை விட்டுக்கொண்டு வந்தது. அவளுக்குப் போன் செய்தேன்.

"சாத்தூர் ரூம் போர்டுல ஒரு வரி எழுதிருங்கண்ணே. லேபிளுக்கு மட்டும் மேல இடம் வேண்டாம்னு. காரணம், லேபிளுக்குத் தகரம் இல்லைன்னு. அம்புட்டுதான்."

எழுதினால் அரை நிமிஷ வேலை. நான் எழுதவில்லை. இந்த மிஷின்களை ஓட வைத்தவன் நான், இப்போது நான் போய் அவள் சட்டத்துக்குக் கீழே, ஒரு ஓரத்தில், காரணம் எழுதி அனுமதி வாங்குவதா? சாத்தூர் மிஷினில் இருந்த வாசல் போர்டு நகலையே திறந்து, அந்த வரியில் இருந்த அளவை அழித்துப் பூஜ்யம் ஆக்கினேன். லேபிள் சரியாக வந்தது. மறுநாள் காலையில் மிஷின் பெரிய மிஷினிலிருந்து புது நகல் எடுத்தது, என் பூஜ்யம் போனது. மறுபடி மாற்றினேன். மறுபடி போனது. ஐந்து நாள் இப்படி. அவள் அங்கே உட்கார்ந்துகொண்டு தினமும் காலையில் என் கையைத் தட்டிவிடுவது போல இருந்தது எனக்கு. அவளுக்கு இது தெரியக்கூடத் தெரியாது.

ஆறாம் நாள் அவசர லேபிள் ஆர்டர், விடிய விடிய ஓடி மறுநாளும் ஓட வேண்டியது. டெலிபோன் லைன் வழியாக நேரே பெரிய மிஷினுக்குள் போனேன். என் பழைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்தது. வாசல் போர்டையே திறந்து, அந்த வரியைப் பூஜ்யம் ஆக்கினேன். காரணம் எழுதவில்லை. மறுநாள் சாயங்காலம் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் மாற்றவில்லை. மறந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. நாளைக்கும் அது அப்படியே இருக்கட்டும், அவள் கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

அது ஆடி மாதம். எங்கள் ஊரில் காலண்டர்த் தொழிலுக்கு ஆடிப்பெருக்குதான் திருநாள். அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துத் திறப்பார்கள். ஏஜென்டுகள் எல்லா ஊரிலிருந்தும் வந்து பார்த்து ஆர்டர் எழுதுவார்கள். அன்றைக்கு ஆல்பம் இல்லை என்றால் அந்த வருஷமே இல்லை. ஆல்பத்துப் படங்களுக்கு முந்தின வாரமே புரூஃப் பார்த்து முடித்திருந்தார்கள். அச்சுக்குப் போக வேண்டிய கடைசி வேலை, நான் பூஜ்யம் ஆக்கின பிறகு அந்தப் பதினோரு மிஷினிலும் ஓடியது.

அச்சடித்த தாளைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சொல்லப்போனால் வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது. முருகன் தாள் முழுக்க நின்றார். கிரீடம் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் இருக்கும்போது தாள் எல்லாம் தகரம் அடிக்கிற மிஷினுக்குப் போனது. முதல் காலண்டரில் தகரம் இறங்கியதும் முருகன் கிரீடம் உள்ளே போய்விட்டது. நெற்றிக்கு மேலே தகரம். இரண்டாவது லட்சுமி, அவளுக்கும் அதே கதி. அந்த மிஷினில் இருந்த பெண்கள் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்துவிட்டார்களாம். "சாமி தலையில தகரம் அடிக்க எங்களுக்குக் கை வராது. யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க" என்று வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

எனக்குப் போன் வந்தது. சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். நான் நினைத்தது அவளுக்கு ஒரு சின்னச் சறுக்கல். இப்படி ஒரு வருஷத்துப் பிழைப்பையே உலுக்கும் என்று நினைக்கவில்லை. அதைவிடக் கேவலம், பயத்துக்கு நடுவிலும் உள்ளே எங்கோ ஒரு மூலையில் ஒரு சந்தோஷம் உட்கார்ந்திருந்தது.

நான் போனபோது அவள் பெரிய மிஷின் முன்னால் இருந்தாள். அண்ணாச்சி பின்னால் நின்றார். திரையில் வாசல் போர்டு. அந்த ஒரு வரி மட்டும், மேலே காரணம் இல்லாமல், மொட்டையாக.

"யாரு தொட்டது?" என்று அண்ணாச்சி கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயம். அவளைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ?"

"நான் சாத்தூர்ல இருந்தேன் அண்ணாச்சி" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எந்த மிஷினிலிருந்து யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பெரிய மிஷின் எழுதி வைத்துக்கொள்ளும். அவள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள். நானும் அதை அழிக்காமல் விட்டிருந்தேன். ஒரு தாள் பிரிண்ட் எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்திருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவள் அதைச் செய்யப் போகிறாள் என்று நினைத்துப் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாசல் போர்டு என் பொறுப்பு அண்ணாச்சி" என்றாள். "முதல்ல ஆல்பத்தைப் பார்ப்போம். பதினோரு மிஷினும் சும்மா இருந்தா நாளை சாயங்காலத்துக்குள்ள எல்லாப் படமும் திரும்ப எடுத்துரலாம். அண்ணே, சாத்தூர் மூணையும் லேபிள்ல இருந்து எடுத்துக் குடுப்பீகளா?"

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிப் படம் வந்தது. மறுபடி அச்சு, மறுபடி தகரம். முதல் முருகன் கிரீடத்தோடு வெளியே வந்தபோது தகரம் அடிக்கிற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆடிப்பெருக்கன்று ஆல்பம் பூஜையில் இருந்தது. ஏஜென்டுகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், ஆர்டர் எழுதினார்கள். எந்தக் குறையும் இல்லை.

மறுவாரம் அண்ணாச்சி அவளைப் புரூஃப் மேஜைக்கு மாற்றினார். என்னைச் சாத்தூரிலிருந்து திரும்ப அழைத்து, பெரிய மிஷினை என் கையில் கொடுத்தார். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அவள் அழவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. நாற்பது பக்க நோட்டை என் மேஜையில் வைத்து, "எல்லாத்துக்கும் காரணம் இதுல இருக்குண்ணே" என்றாள். அந்த நல்ல குணத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிக் கணக்கை முடித்திருப்பேன். மார்கழியில் கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிற அன்றைக்கும் டீ அட்டையில் தன் பெயரை அடித்துவிட்டுத்தான் போனாள்.

தைப் பொங்கல் கழிந்து புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தோம். அவருக்கும் வாசல் போர்டைத் திருத்த அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. யார் யார் திருத்தலாம் என்கிற பட்டியல் ஒரு தனி ஃபைல். அதை நான் அதுவரைக்கும் திறந்ததில்லை, என் பாஸ்வேர்டு வேலை செய்கிறதே, எதற்குத் திறக்க? திறந்தேன். இரண்டே பெயர். அவள் பெயர், அதற்குக் கீழே என் பெயர். என் பெயருக்கு மேலே, அவள் வழக்கம் போல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி நாலு வரி எழுதியிருந்தாள். நான் சாத்தூருக்குப் போன மறுநாள் எழுதியது.

'அண்ணன் சாத்தூர் போனதால் பெயரை எடுக்கும்படி அண்ணாச்சி சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. காரணம்: இந்த மிஷின்களை முதலில் சேர்ந்து ஓட வைத்தவர் அண்ணன். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். ஏதாவது ஆனால் என் பொறுப்பு.'

மூன்று தடவை படித்தேன். நான் உள்ளே போன கதவை அவள்தான் திறந்து வைத்திருக்கிறாள். முதலாளி பேச்சை மீறி, எனக்காக. அதனால்தான் அன்று பிரிண்ட் எடுக்கவில்லை, அதனால்தான் பொறுப்பு என்றாள். வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். வெட்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது வழக்கமான அதே எரிச்சல்தான். அவளைப் பற்றி இப்படி ஒரு வரி என் கை எழுதியிருக்குமா என்று நினைத்தேன். எழுதியிருக்காது.

நேரே அண்ணாச்சி ரூமுக்குப் போனேன். ஆபீசில் அதுவரைக்கும் கூப்பிடாத முறையில் கூப்பிட்டேன்.

"மாமா, ஆடியில அந்த வரியைத் தொட்டது நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றாமலே, "தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. தொட்டியான்னு கேட்டா, தொடலைன்னு சொல்லணும். நீ சாத்தூர்ல இருந்தேன்னுதான சொன்ன?"

"பிறகு எதுக்கு அந்தப் புள்ளைய மாத்துனீக?"

அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அது எங்கன போனாலும் பிழைச்சுக்கிடும் மாப்ள. உன்னைய வெளிய விட்டா நீ எங்கன போவ?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு பேப்பரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். என்னை வைத்துக்கொண்டதற்கு அவரிடம் இருந்த காரணம் அது ஒன்றுதான்.

திரும்பி வந்து அந்தப் பட்டியலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள் வேலையை விட்டுப் போய்விட்டதால் அவள் பெயரை எடுத்தேன், காரணமும் எழுதினேன். புது ஆள் பெயரைச் சேர்க்கவில்லை. பிறகு என் பெயரையும் எடுத்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் கையால் எனக்காக ஒரு காரணம் எழுதினேன். 'மேலே எழுதியிருந்த காரணம் இப்போது உண்மை இல்லை.' காரணத்துக்குக் கீழே கையெழுத்தாக என் பெயரைப் போட்டேன். சேவ் செய்தேன். அதற்குப் பிறகு வாசல் போர்டைத் திருத்த அந்தக் கம்பெனியில் ஒரு ஆள்கூடக் கிடையாது. யாருக்கு என்ன வேண்டுமானாலும் ரூம் போர்டில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். சாத்தூரில் அதுவரைக்கும் நான் காட்டிக் கொடுத்தபடி தினமும் நகலைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்கள். ரூம் போர்டில் அந்த லேபிள் வரியை அன்றைக்குத்தான் எழுதினேன், காரணத்தோடு. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தப் பதினோரு மிஷினையும் பழைய சாமானுக்குப் போடுகிற வரைக்கும் வாசல் போர்டு அவள் விட்டுப் போனபடியே இருந்தது. எத்தனையோ ஆல்பம் வந்தது. எத்தனையோ முருகன், எத்தனையோ லட்சுமி. ஒரு சாமிக்குக்கூடக் கிரீடம் தகரத்துக்குள் போகவில்லை. ஒரு வரியைக்கூட யாரும் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது.